மூணு பேஸ் வந்தா எழுப்பு

“மூணு பேஸ் வந்தா எழுப்பு வள்ளி. மிளகா வாடிக்கெடக்கு” என்று சொல்லிவிட்டு வேல்சாமி மின்விசிறிக்கு அடியில் கட்டிலில் சாய்ந்தார்.

கடற்கரையில் உள்ள அனல் மின் நிலையத்தில் அவருக்கு வேலை. நிலக்கரியைக் கொதிகலனுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு, கோவில்பட்டியில் பஸ் மாறி, காலை பத்து மணிக்குத்தான் ஊருக்கு வந்திருந்தார். குளித்த பிறகும் காது மடிப்பில் கரி இருந்தது. வள்ளித்தாய் ஈரத்துண்டோடு குனிந்தாள்.

“இருக்கட்டும்ட்டி. நாளைக்கும் ஒட்டத்தான போகுது.”

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம்தான் வரும். வந்தது தெரிவதற்காக வேல்சாமி சுவரில் மூன்று பல்புகளை மாட்டியிருந்தார். மூன்றும் பளிச்சென்று எரிந்தால் மோட்டாரைப் போடலாம்.

இரண்டேகாலுக்கு எரிந்தன. வள்ளித்தாய் நிலைப்படியில் நின்று உள்ளே பார்த்தாள். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. மார்பில் கிடந்த துண்டு அசைந்தது. பாவம், உறங்கட்டும் என்று தானே போய் மோட்டாரைப் போட்டாள். பாத்தி பாத்தியாக மடை மாற்றினாள். மூன்று மணிக்குச் சேற்றுக் காலோடு வந்து அவருடைய பாதத்தைத் தொட்டாள். தண்ணீரில் விறைத்திருந்த அவள் கையைவிட அது குளிர்ந்திருந்தது.

உறக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் எல்லாம் தயாராக இருந்தது. உடலைக் குளிப்பாட்டும் நீர்மாலைத் தண்ணீர் மட்டும் வரவில்லை. “தெருக் குழாய்த் தண்ணி வேண்டாம். எந்தம்பி ஆசப்பட்டுப் போட்ட போர்லதான் எடுக்கணும்” என்று வேல்சாமியின் அண்ணன் சங்கரபாண்டி உறுதியாகச் சொல்லிவிட்டார். முன்னூறு அடி ஆழத்தில் இருந்தது அந்தத் தண்ணீர். மும்முனை மின்சாரம் வந்தால்தான் மேலே ஏறும். குடங்களோடு பங்காளிகள் காத்திருந்தார்கள்.

வேல்சாமியோடு வேலை பார்க்கும் சுந்தரபாண்டியன் மாலையோடு வந்திருந்தார். சங்கரபாண்டி அவரிடம் போனார்.

“தம்பி, ஒங்க ஆளுகளுக்குப் போனப் போட்டு, கொஞ்சம் முந்தி விடச் சொல்லக் கூடாதா?”

“நாங்க கரியத்தான் ஏத்துதோம் அண்ணாச்சி. எந்த ஊருக்கு எப்போ விடணும்னு வேற எங்கயோ உக்காந்துல்லா முடிவு பண்ணுதாங்க.”

பிறகு அவர் வள்ளித்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மைனி, பெல்ட்டு ஓட ஆரம்பிச்சா, ‘ஏலே, நிறுத்திராதிய, எம்பொண்டாட்டி மிளகாய்க்குத் தண்ணி பாய்ச்சுதா’ம்பான். ‘போலே, இது மெட்ராஸ்காரன் ஏசிக்குப் போகுது’ன்னு கேலி பண்ணுவோம். அவன் விடமாட்டான். ‘அதுல ஒரு கரண்டி எங்க போருக்கு வராமலா போயிரும்’பான்.”

சிரிக்க நினைத்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சங்கரபாண்டி தொண்டையைச் செருமினார். “நேத்து கரண்ட் வந்ததும் எழுப்புனியா தாயி?”

“ம்.”

அவள் தலை நிமிரவில்லை. மும்முனை வராவிட்டாலும் வீட்டு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர்மேல் போர்த்தியிருந்த கோடித்துணி மார்புப் பக்கம் எழுந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது. நேற்றுத் துண்டு அசைந்தது போலவே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெளக்கு அணையுது, காத்தாடிய நிறுத்துங்கட்டி” என்று யாரோ சொன்னார்கள்.

துணி அசையாமல் படிந்தது.

கொஞ்ச நேரத்தில் மூன்று பல்புகளும் எரிந்தன. “வந்துட்டு! வந்துட்டு!” என்று வெளியே ஆண்கள் குடங்களைத் தூக்கினார்கள்.

வள்ளித்தாய் உடனே எழுந்தாள். குனிந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“எந்திரிங்க. வந்துட்டு. இந்தா, இப்பத்தான் வந்துச்சு.”

பெண்கள் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். பின்பக்கம் மோட்டார் உறுமித் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

குடம் குடமாக ஊற்றினார்கள். அரப்புத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். நெற்றியில் திருநீறு பூசி, கடைசியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

காது மடிப்பில் கரி அப்படியே இருந்தது.