பாதியில் நின்ற பிரசங்கம்

ஞானபூரணி காலையிலிருந்தே வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் செயலாளர் தேர்தலில் அவள் புருஷன் ராஜசிங் ஜெயித்தார். எதிர்த்து நின்று தோற்றவன் அவளுடைய ஒரே தம்பி ஜெயசுந்தர். அன்றிலிருந்து அவனும் அவன் பக்கத்து ஆட்களும் கோயில் பக்கமே தலைகாட்டவில்லை. இன்றைக்குக் கோயிலில் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடும் அசன விருந்து. இதற்கும் வராவிட்டால் நாரணாபுரத்தில் தனிச் சபை வைத்துவிடுவார்கள் என்று பேச்சு. அப்புறம் தம்பி வீட்டு வாசலை எப்படி மிதிப்பது?

"ஒரு எட்டு போயி நீங்களே கூப்பிட்டுட்டு வாங்களேன்" என்றாள்.

"கோயில்ல அறிவிச்சாச்சு. வாறவன் வரட்டும்."

ராஜசிங் தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்து மணியை வீட்டிலும் அடிக்கிறவர். மற்றபடி தங்கமான மனுஷன். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து ஊதி ஊதிக் கொடுப்பார். அதை வெளியே சொன்னால்தான் கோபம் வரும்.

"பிள்ளைக்கு நடை பழக்குற மாதிரி கையப் பிடிச்சேன், குனிஞ்சு ஊட்டினேன்னு தீர்க்கதரிசிகிட்ட ஆண்டவரே சொல்லுதாரு. ஒங்க இடுப்பு மட்டும் வளையாதாக்கும்."

"இன்னைக்குப் பிரசங்கம் எனக்கு. நீ பண்ணாத."

பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு, கோயிலில் நல்ல கூட்டம். ராஜசிங் ரெகொபெயாம் ராஜாவின் கதையை எடுத்தார். அப்பா சாலொமோன் வைத்த பாரம் தாங்கவில்லை, கொஞ்சம் இறக்குங்கள் என்று ஜனங்கள் மகனிடம் கெஞ்சுகிறார்கள். இன்றைக்கு நீ இவர்களுக்கு வேலைக்காரனாக இரு, என்றைக்கும் உன்னை விடமாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ராஜா கேட்கவில்லை. இன்னும் ஏற்றுவேன் என்று முறுக்கிக்கொண்டான்.

"ஜனங்க என்ன செஞ்சாங்க? அவங்கவங்க கூடாரத்துக்குப் போயிட்டாங்க" என்று கையை நீட்டினார். நீட்டின கைக்கு நேரே ஜெயசுந்தர் ஆட்கள் உட்காரும் பாய்கள் காலியாகக் கிடந்தன.

ராஜசிங் நீட்டின கையை மடக்கிப் பைபிளை மூடினார். "ஒரு பாட்டு பாடிக்கிட்டிருங்க" என்று போதகரிடம் சொல்லிவிட்டு, இறங்கி விறுவிறுவென்று வெளியே நடந்தார். ஞானபூரணி செருப்பைக்கூடத் தேடாமல் பின்னால் ஓடினாள்.

ஜெயசுந்தர் வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, எந்திரிலே" என்றார் ராஜசிங். போச்சு, காரியத்தைக் கெடுத்தார் மனுஷன் என்று ஞானபூரணி தலையில் கை வைத்தாள்.

"எதுக்கு?" பேப்பர் இறங்கவில்லை.

ராஜசிங் அவன் முன்னால் குனிந்தார். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டறியாத குரலில் பேசினார்.

"நீங்கள்லாம் இல்லாம நான் யாருக்குலே செயலாளர்? பந்தியில வருஷா வருஷம் வாளி தூக்குறவன் நீ. எனக்குப் பரிமாறத் தெரியாது. நீ முன்னால சோறு வச்சுக்கிட்டே போ. நான் பின்னால தண்ணி ஊத்திக்கிட்டே வாறேன்."

ஜெயசுந்தர் பேப்பரை மடித்து வைத்தான்.

"இது கூடவா தெரியாது அத்தான்?" என்று எழுந்தான். "பந்தியில மொதல்ல தண்ணி, அப்புறந்தான் சோறு. நீங்கதான் முன்னால போகணும்."