‘கொக்குவில்’ கிடைக்கவில்லை

1

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. 2009 மே மாதம். போர் முடிந்தது என்று வானொலி அறிவித்ததற்கு மறுநாள். கண்டியில் அன்று மழையா? முதல் வரைவில் மழை பெய்தது. என் மௌனத்துக்கு அது ஒரு காரணம் போலத் தோன்றியதால் பிறகு வெட்டிவிட்டேன். தெருவெங்கும் வெடி கொளுத்தினார்கள். மழை இருந்திருக்க முடியாது.

அந்த வரைவில் நான் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். ‘கீழ்வீட்டில் நவரட்ணராஜா என்றொரு ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்...’

வேண்டாம். நவரட்ணராஜா நான்தான்.

2

எங்கள் கணினியில் கம்பி செருகும் இடம் முந்திய வருட இடியில் கருகிப்போயிருந்தது. வயரில்லாத இணைப்பு மட்டும்தான். விடுமுறைக்கு லண்டனிலிருந்து வந்த மகள் ரௌட்டரைப் பொருத்தி, அதற்கு வடக்கிலுள்ள எங்கள் சொந்த ஊரின் பெயரை இட்டுவிட்டுப் போனாள்: கொக்குவில். (அயலில் யார் கணினியைத் திறந்தாலும் அந்தப் பெயர் தெரியும் என்பது அவளுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.)

அன்று காலை பாண் வாங்கப் போனேன். கடை எங்கள் மதிலோடு ஒட்டியது. வாசலில் இரண்டு இளைஞர்கள் மடிக்கணினியோடு இருந்தார்கள். ஒருவன் திரையைப் பார்த்து வாய்விட்டு வாசித்தான்.

“கொக்குவில்... கொக்குவில் கொஹெத மச்சான்?”

அது எங்கே இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்கிறான். மற்றவன் சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது. (சிரித்தானா? இரண்டாம் வரைவில் அவன் கொட்டாவி விடுகிறான்.)

வீட்டுக்கு வந்தேன். மகள் எழுதிவைத்த தாளைப் பார்த்துப் பார்த்துப் பெயரை மாற்றினேன். நுவர. சிங்களவர்கள் கண்டியை அப்படித்தான் சொல்வார்கள். பெயர் மாறியதும் கணினி துண்டிக்கப்பட்டது. பட்டியலில் ‘நுவர’வைத் தெரிவுசெய்து பழைய கடவுச்சொல்லையே அடித்தால் போதும். அதற்குள் மனைவி குளித்துவிட்டு வந்தாள். அதைச் செய்யாமலே நான் எழுந்துவிட்டேன்.

3

என் மனைவி சரோஜினிதேவியின் தம்பி பொன்னுத்துரை காலில் காயத்தோடு வவுனியா முகாம் ஒன்றில் இருந்தான். அங்கே போய்வந்த கன்னியாஸ்திரி ஒருவர் முதல்நாள் மின்னஞ்சல் எழுதியிருந்தார். காயப்பட்டவர்களைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றும் பட்டியலில் ஓர் இடம் இருக்கிறது. அவனுடைய அடையாள அட்டை இலக்கமும் பொறுப்பேற்கும் உறவினரின் விலாசமும் மறுநாள் பின்னேரம் மூன்று மணிக்குள் எழுத்தில் வேண்டும். அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை; மின்னஞ்சல் முகவரியும் அவர் எழுதிய அந்த மின்னஞ்சலில்தான் இருந்தது. அட்டை இலக்கம் கொழும்பு உறவினரிடமிருந்து தொலைபேசியில் எங்களுக்குக் கிடைத்தபோது காலை பதினொரு மணி. சரோஜினி கணினியின் முன் உட்கார்ந்தாள்.

“என்னப்பா, கொக்குவில் கிடைக்கேல்லை எண்டு காட்டுது.”

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வசனம்: ‘சரோ, நான்தான் பேரை

எந்த வரைவிலும் அது இதற்கு மேல் போகவில்லை.*

* எண்பத்து மூன்று கலவரத்தில் நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டு பஸ் ஏறியதை அவளிடம் சொன்னேன். “உயிர் தப்பினது சந்தோஷம். ஆனா கோயில் வாசலிலையே அழிச்சியளோ?” என்றாள். பிறகு மூன்று நாள் பேசவில்லை.

4

வெற்றி ஊர்வலங்களால் டவுனில் கடைகள் பூட்டியிருந்தன. கட்டுகஸ்தோட்டையில் கணினி திருத்தும், மடவளை ஊரைச் சேர்ந்த ஹபீலை அவள் தொலைபேசியில் அழைத்தாள். கூட்டத்துக்குள்ளால் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒன்றரைக்கு வந்து சேர்ந்தான்.

“ரோட்டுல பாற்சோறு திண்டே வயிறு நெறஞ்சிட்டு அக்கா. வேணாண்டு சொன்னா மொறைக்கிறாங்க.”

“பகிடி பிறகு தம்பி. மூண்டு மணிக்கு முன்னம் எனக்கு இது வேணும்.”

அவன் எல்லாவற்றையும் நிறுத்தி, மீண்டும் இயக்கினான். ரௌட்டரைத் தூக்கி யன்னலில் வைத்தான். பழைய இணைப்பை அழித்துப் புதிதாகத் தேடினான்.

“லைட் எல்லாம் பத்துது. ஒங்கட பேரு மட்டும் இல்ல. நுவரண்டு ஒண்டு அஞ்சு கோடும் முழுசாக் காட்டுது. எதிர்வீட்டு ஆக்கள்டயா இரிக்கும். பாஸ்வேர்டக் கேட்டுப் பாப்பமா?”

சரோஜினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “போய்க் கேளுங்கோவன்.”

“இண்டைக்கு எப்பிடி அங்க போறது?”

“அப்ப நான் போறன்.”

எதிர்வீட்டுச் சந்திரிகாவின் முற்றத்தில் சிங்கக் கொடி கட்டியிருந்தது. சரோஜினி நெற்றிப் பொட்டோடுதான் போனாள். (இது நிச்சயமாக நினைவிருக்கிறது.) திரும்பியபோது கையில் ஒரு தட்டு வெற்றிப் பாற்சோறு.

“அவையளிட்டக் கொம்பியூட்டரே இல்லையாம். இதைத் தந்து விட்டினம்.”

மணி இரண்டு இருபது. அப்போதும் நான் கதிரையில்தான் இருந்தேன். வாயைத் திறந்தால் போதும். அவளை அந்த முற்றம்வரை அனுப்பிய பிறகு திறப்பது, காலையில் திறப்பதைவிடக் கடினமாக இருந்தது.

5

கடைசியில் ஹபீல் ஓர் ஊசியை எடுத்து, ரௌட்டரின் பின்னால் இருந்த சிறு துளையில் அழுத்திப் பிடித்தான். எல்லா அமைப்பும் அழிந்து ஆரம்ப நிலைக்குப் போகும் என்றான். விளக்குகள் அணைந்தன. அதே நொடியில் திரையிலிருந்து ‘நுவர’வும் மறைந்தது.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் பாற்சோற்றைப் பார்த்தேன்.

இணைப்புத் தந்த கம்பனியை அழைத்து, அவர்கள் சொன்ன இலக்கங்களை ஒவ்வொன்றாக அடித்தான். அதற்கு நேரம் எடுத்தது.

“என்ன தம்பி பிழை?”

“பொட்டி சூடாகிட்டு அக்கா. செல நேரம் அப்பிடித்தான்.”

கடிதம் போனபோது மூன்று மணி இருபத்தைந்து நிமிடம்.

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில், இரண்டு மணிக்கே சொல்லிவிடுகிறேன். அவள் ஏசிக்கொண்டே கடிதத்தை அனுப்புகிறாள். மற்றதில், பட்டியல் காலையிலேயே நிரம்பியிருந்தது. என் மௌனத்தால் எதுவும் கெடவில்லை. இரண்டாவதைப் பல வருடங்களாக எனக்கே சொல்லிவருகிறேன். ஆதாரம் எதுவுமில்லை. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் என்னால் கையெழுத்திட முடியாது.

நடந்தது இதுதான். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. பொன்னுத்துரையின் காலை இரண்டு வாரம் கழித்து வவுனியாவில் முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். அவன் இப்போது அங்கேயே கைபேசிக் கடை வைத்திருக்கிறான். கன்னியாஸ்திரி மாற்றலாகி மன்னாருக்குப் போனார். சந்திரிகா இறந்துவிட்டார். ஹபீலின் கடை முஸ்லிம்களுக்கு எதிரான 2018 கலவரத்தில் எரிந்தது. அவன் கத்தாரில் இருக்கிறான். மகள் லண்டனில். சரோஜினிதேவி அடுத்த அறையில் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் தெரியாது.