செபம் முடியாத வள்ளம்

பரிமளம் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு வள்ளத்தில் கால் வைத்தபோது, ஊர்காவற்றுறை இறங்குதுறையில் கூடியிருந்தவர்களின் பேச்சு சட்டென நின்றது. எங்கள் பாய்வள்ளக் கழகத்தின் போட்டியில் அதுவரை பெண்ணொருத்தி ஏறியதில்லை. அவளுடைய கணவர் கனகசபை தபால் கந்தோரில் லிகிதர். சஞ்சிகையொன்றில் வந்த படத்தைப் பார்த்துத் தம் கையாலேயே வள்ளம் கட்டியவர். அதைக்கொண்டு ஒவ்வோராண்டும் தவறாமல் கடைசியாக வந்தவர். அன்று துணைக்கு வரவேண்டிய நண்பர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"இந்த முறையும் கடைசியா வந்தால் உந்த வள்ளம் என்ர ஆடுகளுக்குத் தண்ணித்தொட்டி. ஞாபகம் இருக்கோ?" என்றாள் பரிமளம்.

"இருக்கு. ஆனா நீரே ஏறி இருந்தால் அது நியாயமோ?"

"நெடுந்தீவாள் நான், கடலிலை வளந்தவள். வள்ளத்தில ஏறிப்போட்டுக் கள்ளம் செய்யமாட்டன். நீங்கள் தோக்கிறதைக் கண்ணாலை பாக்கத்தான் வாறன்."

அறுபத்துமூன்றாம் ஆண்டுச் சோளகக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. நடுவர் என்ற முறையில் நான் விசிலை ஊதிவிட்டு, மோட்டர் வள்ளத்தில் அவர்களுக்குப் பின்னால் புறப்பட்டேன். கொக்குத்தீவு என்று நாங்கள் அழைக்கும் சிறு தீவைச் சுற்றித் துறைக்குத் திரும்புவதே போட்டி. முதலில் பாய்ந்தவர் சங்கக்கடை முகாமையாளர் குலசிங்கம். மற்ற வள்ளங்களில் இருவர் இருவராக ஏற, அவர் மட்டும் தனியே ஓட்டுவார், தனியே வெல்வார், வென்ற கதையைச் சீனி நிறுக்கும்போதெல்லாம் சொல்லுவார்.

தீவின் வடமுனையில் அந்தோனியாருக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. அதைக் கடக்கும் வள்ளம், சைவர்களுடையதாயினும் வேதக்காரர்களுடையதாயினும், பாயை ஒருமுறை இறக்கி ஏற்றியே செல்லும். முன்னால் இறக்கியவர் ஏற்றுவதற்குள் பின்னால் நிற்பவர் ஏற்றுவது மரியாதையன்று. போட்டியென்றாலும் இந்த வழக்கம் மாறுவதில்லை. குலசிங்கம் பாயை இறக்கினார். அடுத்து வந்த மருந்தாளர் மரியமுத்து இறக்கினார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். கடைசியாக ஆடி அசைந்து வந்த கனகசபையும் இறக்கினார்.

குலசிங்கம் ஏற்றவில்லை. கண்களை மூடி, ஆலயத்தை நோக்கி அசையாமல் அமர்ந்திருந்தார்.

காற்று வீணாக வீசிக்கொண்டிருந்தது. சதுப்புநிலத்துக் கொக்குகள் ஒன்றையொன்று பார்த்துப் பறக்கத் தயங்குவதுபோல வள்ளங்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடி மிதந்தன. இதுநாள் வரை முதல் வள்ளத்தின் முதுகைக்கூடக் கண்டிராத கனகசபை, இப்போது அதன் அருகிலேயே மிதந்தார்.

"வேதக்காரன் நானே இவ்வளவு நேரம் செபிக்கிறேல்லை," என்று மரியமுத்து மெல்லச் சொன்னார். "சைவக்காரன் அந்தோனியாரிட்டை என்னத்தைக் கேக்கிறார்?"

"சங்கக்கடைக் கணக்கு வழக்கெண்டால் விடியுமட்டும் கேக்கவேணும்," என்றது இன்னொரு வள்ளம். சிரிப்பு அலைபோல் பரவி அடங்கியது.

பரிமளம் சிரிக்கவில்லை. "அவரின்ர வலக்கையைப் பாருங்கோ," என்றாள் கணவரிடம்.

குலசிங்கத்தின் இடக்கை பக்தியோடு நெஞ்சில் இருந்தது. வலக்கையோ முதுகுக்குப் பின்னால், பாய்மர அடியிலிருந்த கப்பியில் சிக்கிய கயிற்றை இரகசியமாக இழுத்துக்கொண்டிருந்தது. கயிறு அசையவில்லை.

அந்தநேரம் குலசிங்கம் ஒரு கண்ணைத் திறந்தார். "நீங்கள் எல்லாரும் போங்கோ. எனக்கு இன்னும் கொஞ்சம் நேத்திக்கடன் கிடக்கு."

அவர் விடைகொடுத்ததே போதுமென்று பாய்கள் படபடவென ஏறின. வள்ளங்கள் தீவின் முனையைத் திரும்பி மறைந்தன. நீரோட்டம் குலசிங்கத்தை மெல்ல, நீருக்கடியில் பாறைகள் நிறைந்த கற்பார்ப் பக்கமாக இழுத்துச் சென்றது. சக போட்டியாளர் உதவலாம்; நடுவர் வள்ளம் கைகொடுத்தால் அவர் போட்டியிலிருந்து நீங்கவேண்டும். அவர் கேளாமல் நான் நெருங்க இயலாது. அவர் கேட்கக்கூடிய மனிதரும் அல்லர்.

கனகசபை பாயைப் பாதி உயர்த்தியிருந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. முதன்முறையாக அவருக்குப் பின்னால் ஒரு வள்ளம் இருந்தது.

"இப்ப போனால் தொட்டி இல்லை," என்றார்.

"போறதெண்டால் போங்கோ. கள்ளம் செய்யமாட்டன் எண்டு சொன்னனான்," என்றாள் பரிமளம், ஆனால் அவள் பார்வை கற்பாரிலேயே இருந்தது.

கனகசபை நீண்ட பெருமூச்சொன்றை விட்டார். கயிற்றையும் விட்டார். பாய் சரிந்து விழுந்தது.

"குலசிங்கம் அண்ணை, கயிறு இறுகிப்போச்சோ?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சும்மா வாறம்."

துடுப்பால் தள்ளி அணைந்தார்கள். பரிமளம் எட்டி, கொண்டையிலிருந்த ஊசியை உருவி, கப்பிக்குள் புகுந்திருந்த கயிற்றைப் பக்குவமாக நெம்பினாள். ஊசி வளைந்து அங்கேயே அகப்பட்டது, கயிறு விடுபட்டது. குலசிங்கம் தொண்டையைச் செருமினார்.

"உபகாரம், தங்கச்சி. ஆனா வழக்கமெண்டு ஒண்டு கிடக்கு. முதல் இறக்கினவன் நான். நான்தான் முதல் ஏத்தவேணும்."

ஏற்றினார். காற்று அவரை அப்படியே அள்ளிக்கொண்டு போயிற்று.

பரிமளத்தின் முகம் சிவந்தது. "பாத்தியளே அந்தாளை! என்ன வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறியள்? இழுங்கோ கயித்தை! சுக்கானை இஞ்சாலை தாங்கோ!"

"அப்ப ஆட்டுத்தொட்டி?"

"ஆடுகள் வாளியில குடிக்கட்டும்!"

மற்றவர்கள் துறையை அடைந்து, கோப்பையை மரியமுத்து பெற்று, இளநீரும் குடித்து முடித்திருந்தார்கள். இருந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இறங்குதுறையின் விளிம்பு முழுவதும் தலைகளாக நின்று, கடைசி இடத்திலிருந்து தப்ப ஓடிவரும் அந்த இரு வள்ளங்களையும் பார்த்து ஆரவாரித்தது. முந்தி வந்து எல்லைக்கொடியருகே நின்ற நான், விசிலை உதட்டில் வைத்து ஊதக் காத்திருந்தேன். வள்ளங்களின் முன்முனையான அணியங்கள் இரண்டும் ஒரே அலையில் எழுந்து, ஒரே அலையில் தாழ்ந்தன. குலசிங்கம் இப்போது உண்மையாகவே எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கனகசபையின் பாய்க்குக் கீழே, சுக்கானைப் பிடித்தபடி பாதி உடம்பை வள்ளத்துக்கு வெளியே சாய்த்திருந்த பரிமளத்தின் கூந்தல், கட்ட ஊசியின்றி, இன்னொரு கறுத்த பாயைப்போலச் சோளகத்தில் விரிந்து பறந்தது.