வண்டி வராத வழி

மலையடிவாரத்தில் வண்டி நடமாட்டம் இல்லாத சாலைகளைத் தேடிப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து வில்லை தேய்ப்பது அவள் வேலை. அதனால் சைக்கிள் குழுவில் அவளுக்குக் கண்ணாடி என்றே பேர் விழுந்துவிட்டது. விடுமுறை வந்தால் போதும், சைக்கிளோடு கிளம்பிவிடுவாள். பெரிய சாலையில் லாரிகள் காதைப் பிளந்துகொண்டு ஓடும். அதிலிருந்து பிரிந்து பழத்தோட்டத்துக்குள் நுழையும் தார்ச்சாலை, வாய்க்கால் கரையோடு போகும் ஒற்றைச் சாலை, மூடிப்போன கல்குவாரிக்குப் பின்னால் சுற்றிவரும் பாதை என்று எதையாவது மோப்பம் பிடித்துக்கொண்டு வருவாள். முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் குழுவுக்குச் சொல்வாள்.

இந்த முறை அவள் கண்டுபிடித்தது எல்லாவற்றையும்விட அமைதியான வழி. இரண்டு குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறி, அந்தப் பக்கம் அணைக்கட்டு வரைக்கும் இறங்குகிறது. அணைக்குக் கொஞ்சம் முன்னால் ஓடையின் மேல் ஒரு குறுகலான பாலம். கார் நுழையாதபடி அதன் வாயில் இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். அவள் முதல்முறை போனபோது வழி நெடுக ஆட்டு மந்தை ஒன்றைத் தவிர எதிரே எதுவும் வரவில்லை.

“ஒரு வண்டிகூட வராது. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்” என்று அண்ணனிடம் சொன்னாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வசந்த காலத்தில் ஒருநாள், ஏழாவது மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன். ஆபரேஷன் முடிந்து தேறி வந்ததும், சைக்கிள் ஓட்டுவது நல்லதுதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அண்ணிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவள். வீட்டிலும் அதே குரல்தான். தொப்பி போட்டியா, தண்ணி எடுத்தியா, மாத்திரை எங்கே? குழு கிளம்பிய அன்று அவளும் காரில் சுற்றுவழியாக அணைக்கட்டுக்கு வந்துவிட்டாள். போர்வை, பிளாஸ்க், துண்டு, மருந்துப் பெட்டி என்று பாதி ஆஸ்பத்திரியைப் பெயர்த்துக் கொண்டு வந்ததுபோல் பின்சீட்டு நிறைந்திருந்தது.

புது வழி என்பதால் கண்ணாடி முன்னால் போனாள். கடைசி ஆளாக வரும் பொறுப்பு குழுவில் இருந்த பேக்கரிக்காரருடையது. அணைக்கட்டு டீக்கடையில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பேக்கரிக்காரரும் வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

“அண்ணன் எங்க?” என்றாள் கண்ணாடி.

“பின்னாடிதான் வரார். ஏத்தத்துல நான் பக்கத்துலயே வரது அவருக்குப் பிடிக்கல. ‘நோயாளிக்குக் காவல் நிக்கிற மாதிரி இருக்கு, நீங்க போங்க’ன்னாரு. இதோ வந்துடுவாரு.”

வரவில்லை. டீ ஆறியது. போன் போட்டுப் பார்த்தார்கள், மணியே அடிக்கவில்லை. குன்றுகளுக்கு நடுவே சிக்னல் கிடையாது என்பது கண்ணாடிக்குத் தெரியும். அந்த வழியில் அவளுக்குப் பிடித்த விஷயங்களில் அதுவும் ஒன்று. வண்டி இல்லை, வீடு இல்லை, போன் தொல்லை இல்லை. ஆனால் அங்கே ஒருத்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் யார் பார்ப்பார்கள்?

அண்ணி அவள் எதிரில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“ஒரு வண்டிகூட வராதுன்னு நீதானே சொன்னே?”

கண்ணாடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். “நான் போய்ப் பாத்துட்டு வரேன் அண்ணி.”

“நானும் வரேன்.”

“பாலத்துல கார் போகாது.”

அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள். சேலையை வரிந்து கட்டும் அவசியம் இல்லை, பேன்ட்தான் போட்டிருந்தாள். நேராகப் போய்ப் பேக்கரிக்காரரின் சைக்கிளைப் பிடித்தாள். “இதை எடுத்துக்கறேன்” என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். பேக்கரிக்காரர் வாயைத் திறப்பதற்குள் இருக்கையைத் தனக்கேற்ற மாதிரி இறக்கி, ஏறி மிதித்துவிட்டாள்.

கண்ணாடிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அண்ணி சைக்கிளைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இப்போது பாலத்தின் கம்பங்களுக்கு நடுவே உடம்பை ஒரு சின்ன வெட்டு வெட்டி நுழைந்து போகிறாள்.

“அண்ணி, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?”

“கல்யாணத்துக்கு முன்னாடி தினமும் காலேஜுக்கு இதுலதான். அப்புறம் யாரும் கேக்கல, நானும் சொல்லல. பேசாம மிதி.”

ஏற்றம் ஆரம்பித்தது. ஒருபக்கம் வேலி போட்ட பழத்தோட்டம், இலை உதிர்ந்து மொட்டையாக நின்றது. இன்னொரு பக்கம் சரிவும் அதன் அடியில் பள்ளமும். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடி பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். சாலையில் கிடக்கும் பை, துணி, எதைப் பார்த்தாலும் ஒரு நிமிஷம் உயிர் போய் உயிர் வந்தது. ஒன்று சிமெண்ட் சாக்கு. இன்னொன்று பழைய தார்ப்பாய். காக்கை கரைவதைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஒரு லாரி வரக்கூடாதா, ஒரு மோட்டார் சைக்கிளாவது வரக்கூடாதா, வழியில் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்க ஒரு மனுஷன் வரக்கூடாதா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

அண்ணிக்கு மூச்சு வாங்கியது, ஆனால் இறங்கவில்லை.

உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும் முதல் வளைவில் அண்ணனுடைய சைக்கிள் தெரிந்தது. சாலையோரம் படுத்திருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

அண்ணி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“ஏங்க!”

“இங்க! இங்கே கீழ!” பள்ளத்திலிருந்து குரல் வந்தது. அது அண்ணன் குரல்தான். தொண்டை கட்டிப்போய்க் கரகரத்தது, ஆனால் நல்ல உயிருள்ள குரல்.

கண்ணாடி ஓரத்துக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு சின்ன டிராக்டர் பள்ளத்தில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. அதன் சக்கரத்துக்கு அடியில் கல்லும் மரக்கட்டையுமாக முட்டுக் கொடுத்திருந்தது. அந்த முட்டில் முதுகை வைத்து அழுத்திக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் கையை இறுகப் பிடித்தபடி நடுவயது ஆள் ஒருவர் மண்ணில் கிடந்தார். அவருடைய ஒரு கால் மட்கார்டுக்கு அடியில் மாட்டியிருந்தது.

மனைவியைப் பார்த்ததும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, “மாத்திரை போட்டுட்டேன்.”

அண்ணி சரிவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு கணம் குலுங்கினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

“இவர் பழத்தோட்டக்காரர். வளைவுல டிராக்டர் சறுக்கிடுச்சு” என்றான் அண்ணன். “நான் வந்தப்ப வண்டி இன்னும் சறுக்கிக்கிட்டே இருந்துச்சு. முட்டுக் கொடுத்தேன். எழுந்தா கட்டை உருளுது, வண்டி அவர் மேல சாயுது. கத்திக் கத்திப் பாத்தேன். ஒரு ஈ காக்கா வரல.”

“உனக்கு நெஞ்சு வலி ஏதாவது?” என்றாள் கண்ணாடி.

“முதுகுதான் வலிக்குது. குட்டி, நீ நிக்காத. மேல போய் போன் பண்ணு.”

தோட்டக்காரர் கண்ணைத் திறந்தார். “வருவாங்க, வருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு” என்றார் மெல்லிய குரலில். “தங்கச்சி ஆளெண்ணிப் பாக்காம வீட்டுக்குப் போகாதுன்னாரு. நான் நம்பல.”

கண்ணாடி உச்சிக்குத் திரும்பி மிதித்தாள். அங்கேயும் சிக்னல் இல்லை. அணைக்கட்டு கண்ணில் படும் அடுத்த திருப்பத்தில்தான் போனில் ஒரு கோடு எழுந்தது. மீட்புப் படைக்குப் பேசினாள். எந்தத் திருப்பம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் பாலம் குறுக்கிடாது, தோட்டத்தின் எந்த வாசல் வழியாகப் பெரிய வண்டி நுழையும் என்று திணறாமல் சொன்னாள். அந்த மூலை முடுக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிறகு பேக்கரிக்காரருக்குப் பேசினாள். “அண்ணன் நல்லா இருக்காரு” என்றாள்.

திரும்பி வந்தபோது அண்ணி தன் முதுகையும் முட்டில் கொடுத்துக் கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தோட்டக்காரரிடம் வகுப்புக் குரலில் பேசிக்கொண்டிருந்தாள். “தூங்கக்கூடாது. வீட்ல யார் யாரு இருக்காங்க, சொல்லுங்க பாப்போம்.” அவரும் பயந்த பிள்ளை மாதிரி, மூத்தவள், இளையவள், மாமியார் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்துப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. பள்ளத்தில் கிடந்த டிராக்டரை விட்டால், பொழுதெல்லாம் அந்தச் சாலையில் வந்த ஒரே வண்டி அதுதான். வாழ்நாளில் இவ்வளவு இனிமையான இரைச்சலைக் கேட்டதில்லை என்று கண்ணாடி நினைத்தாள். மீட்புப் படையினர் டிராக்டரைக் கம்பியால் இழுத்துக் கட்டி, பலூன் போன்ற ஒன்றை அடியில் விட்டு ஊதித் தூக்கினார்கள். கால் வெளியே வந்தது. அவர்களோடு வந்து அதைத் தொட்டுப் பார்த்த பெண், “எலும்பு முறிஞ்சிருக்கு. ஆனா ரத்த ஓட்டம் இருக்கு. கால் தப்பிச்சுது” என்றாள். தோட்டக்காரர் அண்ணனின் கையை அப்போதுதான் விட்டார். அந்தப் பெண் அண்ணனையும் விடவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, “எல்லாம் சரியா இருக்கு, மெதுவா வீட்டுக்குப் போங்க” என்றாள்.

வண்டி போனது. சாலை பழையபடி அமைதியானது. அண்ணன் சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டான்: “கார் எங்க நிக்குது?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம்” என்றாள் அண்ணி.

“அப்போ நீ எப்படி வந்தே?”

அண்ணி பேக்கரிக்காரரின் சைக்கிளை நிமிர்த்தி ஏறினாள். அண்ணனின் வாய் பிளந்தது. கண்ணாடியைப் பார்த்தான், மறுபடி மனைவியைப் பார்த்தான்.

“இது எப்போலேர்ந்து?”

“உங்களைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியிலேர்ந்து” என்று சொல்லிவிட்டு அவள் மிதித்தாள். அவன் அவசரமாகத் தன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, “ஏய், இரு, இரு” என்று பின்னாலேயே போனான்.

கண்ணாடி உடனே கிளம்பவில்லை. சாலை நடுவிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து, கொஞ்சம் முகத்திலும் ஊற்றிக்கொண்டாள். மேலே வளைவில் அண்ணி ஏதோ சொல்வதும் அண்ணன் வெடித்துச் சிரிப்பதும் கேட்டது. சிரிப்பு குன்றில் பட்டு இரண்டு தரம் திரும்பி வந்தது. அவள் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.