கோமளா வீட்டு எலி

வியாழக்கிழமை மத்தியானம் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அருளம்பலம் கோமளாவின் அரிசி டின்னுக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்தார். ஞாயிறன்று பங்கீட்டில் வாங்கிய அரிசி. ஒற்றை ஆளுக்கு ஒரு வாரம் வர வேண்டியது, இரண்டு குவளைகூடத் தேறாது.

"திரும்பவும் எலியோ?" என்றார். "உம்மட வீட்டு எலிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பசி?"

"கடைசி வீடுங்கய்யா. வேலிப் பக்கம். எல்லாம் இங்கதான் வந்து மேயுது."

முழுப்பொய் என்று சொல்ல முடியாது. துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருக்கும் காட்டுக்காரர்களுக்குச் சோறு போகக்கூடாது என்று அரசாங்கம் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி அடித்ததிலிருந்து, முன்பு வெளியே பள்ளத்தில் கொட்டிய குப்பையெல்லாம் வேலிக்குள்ளேயே மலையாகக் கிடந்தது. எலிகள் பூனையைக் கண்டு ஓடுவதை மறந்தே போயின. போன மாதம் பக்கத்து வீட்டு ஜெயமணியின் மகளுடைய கால்விரலைத் தூக்கத்திலேயே கடித்துவிட்டன.

ஆனால் கோமளா வீட்டில் எலி தின்றது கொஞ்சம்தான். மீதி அவள் கொண்டைக்குள் போனது. வேலைக்குப் போகும்போது வேலிக் கேட்டில் சோதனை போடுகிற பெண் இடுப்பைத் தடவுவாள், வாளியைக் கவிழ்ப்பாள், தலைமுடியைத் தொட அருவருப்பாள். ரப்பர் மரங்களின் பதினாலாம் நிரையில், புற்றுக்குப் பின்னால் கிடக்கும் பால் பிடிக்கிற மங்கில் கோமளா கொண்டையை அவிழ்த்து அரிசியைக் கொட்டிவிட்டு மரம் சீவப் போவாள். இரண்டு வருடமாகக் காட்டுக்குள் இருக்கும் தம்பி ரங்கசாமி, அவள் போன பிறகு வந்து எடுத்துக்கொள்வான். அவன் முகத்தைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. மங்கு காலியாக இருந்தால் தம்பி உயிரோடு இருக்கிறான், அவ்வளவுதான்.

கிராணி போகிறபோது வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். இனியும் அரிசி குறைந்தால் யாருக்கும் அரிசியாகத் தரமாட்டார்கள். பொது அடுப்பில் ஆக்கி, சோறாகத்தான் அளப்பார்கள். மத்தியானத்துக்குள் ஊசிப்போகிற சோறு.

அதோடு ஜெயமணி சேலையை இழுத்துச் செருகினாள். வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"ஞாயித்துக்கெழம எல்லாரும் வரணும். குப்பைய அள்ளணும், பொந்து பொந்தா புகை போடணும். வராதவங்க வீட்டுக்கு நானே வருவேன்லா." கோமளாவின் வாசலில் மட்டும் கூடக் கொஞ்சம் நின்றாள். "ஒன் வீட்டு எலியத்தான் பாக்கணும்னு எனக்கு ஆசை."

குழாயடிச் சண்டையில் ஆரம்பித்து நாலு வருடமாக வளர்த்த பகை அது.

சனிக்கிழமை கோமளா அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வருகிற எலிகள் பலகை இடுக்கில் வந்து போயின. தரையில் ஒரு பொந்துகூட இல்லை. உடைந்த மண்வெட்டியால் அடுப்புக்குப் பக்கத்தில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினாள். ஓரத்தைக் கையால் வழித்து, உமி தூவி, தானே பார்த்து நம்புகிற மாதிரி செய்து வைத்தாள்.

ஞாயிறன்று காளிமுத்து புகைப்பானையோடு வந்தார், மேற்பார்வைக்குக் கிராணியும் கூட வந்தார். காளிமுத்து ஊரில் வயலெலி பிடித்துப் பழகிய மனிதர். வைக்கோலும் காய்ந்த மிளகாயும் கொளுத்திய பானையின் வாயைப் பொந்தில் பொருத்தி, பின்னாலுள்ள ஓட்டையில் ஊதுவார். புகை உள்ளே ஓடி, வேறு இரண்டு மூன்று இடத்தில் கிளம்பும். அங்கே தடியோடு ஆள் நிற்கும். ஒருத்தருக்கொருத்தர் ஏசிக்கொண்டேதான் அடித்தார்கள். எலி ஒரு வாசலோடு நிறுத்திக்கொள்ளாது என்பது நாலாவது வீட்டில்தான் கோமளாவுக்குப் புரிந்தது. அவள் தோண்டியதற்கு ஒரே வாசல்தான்.

கடைசியாக அவள் வீடு. காளிமுத்து ஊதினார். புகை அவர் முகத்திலேயே திரும்பி அடித்தது. இன்னொரு தரம் ஊதினார். இருமிக்கொண்டே, கண்ணீர் வழிய, நிமிர்ந்து கோமளாவைப் பார்த்தார்.

"புகை எங்கயும் போகேல்லையே?" அருளம்பலம் குனிந்து வந்தார். லயமே வாசலில் நின்றது.

பக்கத்து வீட்டிலிருந்து ஜெயமணி கத்தினாள். "இங்க வருது! என் அடுப்படியில வருது! ஓடியாங்க!"

தடி தரையில் விழுகிற சத்தம் படபடவென்று கேட்டது. எல்லாரும் அங்கே ஓடினார்கள். ஜெயமணி ஓர் எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அருளம்பலம் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் கோமளா ஜெயமணியின் காலில் விழப் போனாள். ஜெயமணி மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள், வலிக்கிற மாதிரி.

"புகையும் வரல, மயிரும் வரல. அது காலையில அடிச்ச எலி. ஒனக்காகச் செஞ்சேன்னு நெனைக்காத. கீழ் லயத்துல ஒருத்தி காட்டுக்கு அரிசி குடுத்து மாட்டுனதுக்கு மொத்தப் பேரையும் லோரில ஏத்திக் கொண்டுபோனாங்க. எனக்குப் பொட்டப்புள்ள இருக்கு."

"அக்கா..."

"அந்த டின்ன எடுத்துட்டு வா. இனிமே ஒன் அரிசி என் வீட்டுல. நான் ஆக்குவேன். என் கண்ணு முன்னால ஒக்காந்து தின்னுட்டுப் போ."

"அவன் செத்துருவான்க்கா."

"யாருன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத."

திங்கட்கிழமை காலையில் பதினாலாம் நிரைக்குப் போனபோது மங்கு காலியாக இருந்தது. கோமளா வெறும் கொண்டையை அவிழ்க்காமல் நடந்தாள். பின்னால் சருகு ஒருமுறை நொறுங்கியது. அவள் திரும்பவில்லை.

சாயங்காலம் ஜெயமணி தட்டு நிறையச் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, எதிரே உட்கார்ந்துகொண்டாள். "மிச்சம் வைக்காத."

முதல் கவளம் இறங்கவில்லை. இரண்டாவது இறங்கியது. இரண்டு வருடமாக அரை வயிற்றோடு எழுந்தவள் அவள். கை தானாக வேகம் பிடித்தது. ஜெயமணி வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்க, கோமளா தட்டை வழித்துத் தின்றாள். சீ, என்ன உடம்பு இது என்று தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

ஜெயமணி அகப்பையை எடுத்தாள். கோமளா தட்டை நீட்டினாள்.