மட்டத்து வூட்டில் கியர் ஆயில்

காரின் கியர் ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, பத்து எண்ணிவிட்டு வெளியே எடுத்தாள் தேவயானி. சிவப்பு ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே நின்றது.

"ஜாஸ்தியா கீதுண்ணா."

"ஆயிலு ஜாஸ்தியா, உன் படிப்பு ஜாஸ்தியா?" என்றான் மோகன். அவன் நெல்லிவாசல் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். கியர் போடாமல் ஓடும் வண்டியை வண்டி என்றே ஒப்புக்கொள்ளாதவன். தங்கையின் கார் வாசலுக்கு வந்த நாளிலிருந்து அதை 'பொம்மை' என்றுதான் சொல்லிவந்தான்.

அவளுக்கு அந்தப் பொம்மையை விட்டால் வேறு வழி இல்லை. ஒன்பது வயதில் புளியமரத்திலிருந்து விழுந்ததில் இடது கால் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் காலால் கிளட்சை மிதிக்க முடியாது. ஜீப்பின் பின்படியிலும் தானாக ஏற முடியாது. யாராவது அக்குளில் கை கொடுத்து மூட்டையைப் போலத் தூக்கிவிட வேண்டும். இருபத்தாறு வயதிலும் அப்படித்தான் வேலைக்குப் போய் வருகிறாள். அதனால்தான் கண்ணமங்கலத்து சைலஸ் சாரிடமிருந்து, பதினாறு வருடம் ஓடிய இந்த ஆட்டோமேட்டிக் காரை வாங்கினாள். எல்.எல்.ஆர். எடுத்து, ஜமுனாமரத்தூர் ரோட்டில் ஐந்து மாதம் பழகினாள். நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மலைக்குக் கீழே லைசென்ஸ் டெஸ்ட். தன் வண்டியோடு போக வேண்டும். செவ்வாயோடு எல்.எல்.ஆர். காலாவதி. தவறினால் எல்லாம் முதலிலிருந்து.

போன வியாழக்கிழமைதான் வண்டி வழுக்க ஆரம்பித்தது. மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, சக்கரம் யோசிக்கிறது. போளூர் மெக்கானிக் போனிலேயே கையை விரித்துவிட்டார். "ஆட்டோமேட்டிக் கியர் டப்பாவை நாங்க தொடறதில்லம்மா. கியர் ஆயில மாத்திப் பாரு, சரியாவலன்னா வேலூருக்குத்தான் எடுத்துக்குனு போவணும்." நான்கு லிட்டர் ஆயிலை மட்டும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

தேவயானி வீடியோக்களைப் பார்த்துப் பதினோரு படிகளாக நோட்டில் எழுதிக்கொண்டாள். காலையில் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கல் முட்டுக் கொடுத்து, மோகனை அடியில் அனுப்பி போல்ட்டைக் கழற்றவைத்தாள். கறுத்துப்போன பழைய ஆயில் கஷாயம் மாதிரி வடிந்தது. அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அளந்தாள். மூன்றேகால் லிட்டர். வண்டியைக் கீழே இறக்கி, அதே மூன்றேகால் புது ஆயிலைப் புனல் வைத்து ஊற்றினாள். இன்ஜினைச் சூடாக்கி, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்தாள். எல்லாம் நோட்டில் எழுதியபடியேதான் செய்தாள். ஆனாலும் அளவு கூடுதலாகக் காட்டியது.

எண்ணிக்கையில் எங்கோ கோட்டை விட்டிருப்போம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. கணக்கு உதைத்தால் தன்மேல்தான் முதலில் சந்தேகம் வரும் அவளுக்கு. பெரிய சிரிஞ்சில் டியூபைச் சொருகி அரை லிட்டரை உறிஞ்சி எடுத்தாள். ஆயில் இப்போது சரியாக மேல்கோட்டில் நின்றது. மோகனைப் பக்கத்தில் உட்காரவைத்து ரோட்டுக்கு எடுத்துப் போனாள். பள்ளிக்கூடத்து மேட்டில் பாதிகூட ஏறவில்லை. இன்ஜின் ஊளையிட்டது, வண்டி முன்னைவிட மோசமாக வழுக்கியது.

"பொம்மைக்கு சாவி குடுத்து உடலாமா?" என்றான் மோகன்.

"சும்மா வாண்ணா."

திரும்பி வந்து வாசலில் நேராகவே உள்ளே விட்டு நிறுத்திக் கம்பியை உருவினாள். நுனியில்கூட ஆயில் இல்லை.

ஒழுகிவிட்டதோ? மோகன் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். அடியில் ஒரு சொட்டுகூட ஈரமில்லை. எடுத்த அரை லிட்டரையும் திரும்ப ஊற்றினாள். அப்போதும் கீழ்கோட்டை எட்டவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று மோகன் வண்டியைத் திருப்பி நிழலில் விட்டான். சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. பாதியில் எழுந்து வந்து, இன்ஜினைச் சூடாக்கிக் கம்பியை உருவினாள். மறுபடி மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே.

கம்பியை விட்டெறிந்தாள். அது காயப்போட்டிருந்த புளி மேல் போய் விழுந்தது.

"ஒரே ஆயிலு! ஊத்தவும் இல்ல, எடுக்கவும் இல்ல. சோறு துன்றதுக்குள்ள ஏறிக்கினு வருது. இன்னா, குட்டி போடுதா உள்ள?"

"அந்த சைலஸ் சாரு நல்லா தள்ளி உட்டுட்டாரு உன் தலையில," என்று மோகன் புளியிலிருந்து கம்பியைப் பொறுக்கி, நார் ஒட்டியிருந்ததைத் துடைத்துக் கொடுத்தான். "நாளிக்கு ஜீப்புல கூட்டிகினு போறேன். அந்த ஆபீசர்கிட்ட சொல்லிப் பாக்கலாம்."

"ஜீப்புல போயி இன்னாத்த ஓட்டிக் காட்றது?"

தேவயானி பம்பரில் சாய்ந்தபடி நோட்டைப் பிரித்து முதல் படியிலிருந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். ஒன்பதாவது படியில் நாக்கு நின்றது. 'வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி அளக்கவும்.' அதற்கு நேரே காலையிலேயே டிக் போட்டிருந்தாள். யோசித்துப் போட்ட டிக் அல்ல.

"அண்ணா, இந்த எடம் மட்டமா?"

மோகன் சிரித்துவிட்டான். "இன்னாடி கேள்வி? ஊரே மட்டத்து வூடுன்னுதான கூப்புடுது. கல்யாணப் பந்தலுக்குக்கூட நம்ம வாசலத்தான் கேக்கறாங்க. இத வுட்டா மலையில மட்டம் ஏது?"

அதுதான் அவளுக்கும் தெரியும். தபாலில்கூட மட்டத்து வீடு என்றே வரும். சுற்றிலும் நிற்கவே கால் தடுமாறும் சரிவுகளுக்கு நடுவில், நாற்காலி போட்டு உட்கார முடிகிற ஒரே வாசல். அந்தப் பேரை நம்பித்தான் டிக் போட்டாள். ஆனால் காலையில் வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்த்து நின்றது. ரோட்டிலிருந்து வந்தபோது வீட்டைப் பார்த்தது. சாப்பாட்டு நேரத்தில் மறுபடி ரோட்டை.

"துரைக்கண்ணு மேஸ்திரிகிட்ட மட்டம் பாக்கற தண்ணி டியூப் வாங்கியா."

"ஞாயித்துக்கெழம அவரு குந்திகினு டி.வி. பாப்பாரு, அவரப் போயி..."

"வாங்கியாண்ணா!"

துரைக்கண்ணு டியூபைத் தோளில் சுற்றிக்கொண்டு தானே வந்தார். விஷயத்தைக் கேட்டு அவருக்கும் சிரிப்பு. "கார் ரிப்பேருக்கு கொத்தனாரக் கூப்ட்டது இந்த மலையிலயே நீதாம்மா." டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை முன்சக்கரத்துக்குப் பக்கத்திலும் மறுமுனையைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலும் பிடித்தார்கள். தண்ணீர் அடங்கியதும், ரெண்டு பக்கமும் தரையிலிருந்து தண்ணீர் வரைக்கும் டேப் வைத்துப் பார்த்தாள். ஒரு சாண் வித்தியாசம். முன்பக்கம் தாழ்வு.

"டியூபுல காத்து கீது," என்றான் மோகன்.

"காத்து உன் தலையில கீது," என்றார் துரைக்கண்ணு. "உங்க வூட்டு அஸ்திவாரத்தப் பாரு. ரோட்டுப் பக்கம் ஒரு வரிசை கல்லு கூட. உங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிகீது, உனக்குத் தெரியல."

தேவயானிக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒரு பகல் முழுக்க தன் கையையும் எண்ணிக்கையையும் புத்தியையும் சந்தேகப்பட்டாள். தரையை மட்டும் சந்தேகப்படவில்லை.

பின்சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்துவிட்டு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார்கள். ரெண்டு சக்கரத்துக்கும் அடியில் கடப்பைக் கற்களை ஒவ்வொன்றாக அடுக்கி, டியூபின் ரெண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரம் காட்டும்வரை சரிசெய்தார்கள். இன்ஜினைச் சூடாக்கி, கியர்களைத் தள்ளி எடுத்து, கம்பியை உருவினாள். கீழ்கோட்டில் நின்றது. வண்டி வாங்கிய நாளிலிருந்தே ஆயில் குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அது கறுத்துக் கெட்ட பிறகுதான் வழுக்கல் வெளியே தெரிந்திருக்கிறது. குறைவாக வடிந்ததை அளந்து, அதே குறைவை அக்கறையாகத் திரும்ப ஊற்றியிருக்கிறாள். மிச்சமிருந்த ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். ஊற்றி, பார்த்து, ஊற்றி, பார்த்து. அரை லிட்டர் போனதும் மேல்கோடு வந்தது. நம்பாமல் இன்னும் மூன்று தடவை துடைத்துப் பார்த்தாள்.

"போதும், கம்பி தேஞ்சிடப் போவுது," என்றார் துரைக்கண்ணு.

வெயில் சாய்ந்திருந்தது. பள்ளிக்கூடத்து மேட்டின் அடியில் எல்.போர்டைச் சரிசெய்துவிட்டு ஏறத் தொடங்கினாள். மதியம் வழுக்கிய இடத்தில் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் பஸ் ஒன்று வந்து நின்றது. ஹாரன் காதைப் பிளந்தது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "இன்னாம்மா, வூடு கட்றியா அங்க?" என்றார்.

"எடு," என்றான் மோகன் மெதுவாக.

காலை பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தாள். வண்டி அரையடி பின்னால் நழுவியது. மோகனின் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. "தொடாத!" என்று கத்தினாள். இன்னும் கொஞ்சம் மிதித்தாள். உள்ளே ஏதோ கவ்விப் பிடித்தது. இன்ஜின் கத்தவில்லை. கார் அந்த மேட்டில் ஒரே சீராக ஏறியது. மேலே அகலமான இடத்தில் ஒதுங்கி பஸ்ஸுக்கு வழி விட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன், ஆயிலு கம்மின்னு," என்றான் மோகன்.

"நீ எங்க சொன்ன?"

"மனசுல சொன்னேன்."

"நாளிக்கி மனசுலயே ஒக்காந்துகினு வா. காலைல அஞ்சு மணிக்கு கெளம்பறோம்."

"ஆறுக்குக் கெளம்பனாக்கூட போதும்."

"அஞ்சு."

வண்டிகள் திரும்பும் இடம் வந்தது. அவன் கையை நீட்டிக் காட்டினான். அவள் திருப்பவில்லை. அதற்கு மேலே இருக்கும் ஏற்றம் இதைவிடச் செங்குத்து. அதையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நேராக விட்டாள்.