நீல டப்பா

அக்கா இறந்துபோன பிறகு அத்தான் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மருந்துல ஏதாவது கோளாறா? நீ மாத்திரையைச் சோதிக்கிற வேலையிலதானே இருக்கே, பார்த்துச் சொல்லேன்." பிரிக்காத அட்டை ஒன்றையும், அக்காவுக்காக அவர் மாத்திரை போட்டு வைத்த, இன்னும் சில மாத்திரைகள் மிச்சமிருந்த நீல டப்பாவையும் என் மடியில் வைத்தார்.

மாத்திரையைப் பொடித்து, சின்னக் குழாயில் அடைத்து, பெரிய காந்தத்துக்குள் வெறிபிடித்த வேகத்தில் சுழலவிடுவது என் வேலை. அக்காவின் மருந்தில் ஃப்ளோரின் உண்டு. அதோடு சேர்க்கும் மாவிலும் பசையிலும் கிடையாது. அதனால் கருவியில் ஃப்ளோரினை மட்டும் தேடினால், மருந்து மட்டும் பதில் சொல்லும். மூலக்கூறுகள் தாறுமாறாகக் கிடந்தால் திரையில் அகலமான மேடு தெரியும். அப்படிக் கிடந்தால்தான் உடம்பில் நன்றாகக் கரையும். படிகமாக அடுக்கிக்கொண்டால் கூரான முனைகள் வரும்; மருந்து சரியாகக் கரையாது. அடுக்கி வைத்தால் கெட்டுப்போகிற சாமான் இது.

அட்டை மாத்திரையில் மேடு வந்தது. டப்பா மாத்திரையில் ஊசி ஊசியாக முனைகள். நம்பாமல் மறுபடி ஓட்டினேன். கருவியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது என்ன செய்யும், பாவம்.

அக்காவுக்கு விரல்களில் பலமில்லை. அட்டையோடு அவள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், மாசம் பிறந்ததும் அத்தானே எல்லாவற்றையும் உரித்து டப்பாவில் போடுவார். கட்டிலருகே, அவள் மூச்சுக்காக ஓடிய நீராவிக் கருவியை ஒட்டியே டப்பா இருக்கும். ஈரம் பட்டால் இந்த மருந்து படிகமாகிவிடும். இதனால்தான் போனாள் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த மனுஷனிடம் இதை எந்த வாயால் சொல்வேன்?

"நல்ல மருந்துதான் அத்தான்," என்றேன். அட்டையில் இருந்தவரை அது உண்மைதான்.

அவர் முகம் தெளிந்தது. "அப்பாடா. ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்ல, தெரியுமா?" டப்பாவை வாங்கித் துடைத்தார். "அத்தைக்கும் இப்ப இதே மாத்திரைதானே எழுதியிருக்காங்க? அவங்களுக்கும் கை நடுங்குது. நானே உரிச்சு இதுல வச்சுடறேன்."

அத்தை என்றது என் அம்மாவை.

"வேணாம் அத்தான். அட்டையிலேயே இருக்கட்டும்."

"ஏன்?"

டப்பாவைத் தரச்சொல்லிக் கை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

"உங்கக்காவும் உரிக்க வேணாம்னுதான் சொன்னா," என்றார். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு."